லக்சரில் இரண்டு நாள், மூட்டுவலி உள்ள அம்மாவோடு: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வைகைக்கரை:
வணக்கம். டிசம்பர் கடைசியில் அம்மாவை எகிப்துக்கு அழைத்துப் போகிறேன், கெய்ரோவை முடித்துவிட்டு லக்சரில் முழுதாக இரண்டு நாள் இருப்போம். அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. சமதரையில் மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடந்துவிடுவார், படி என்றால்தான் சிரமம். நைலுக்கு மேற்கே இருக்கிற கல்லறைகள் எல்லாமே கீழே இறங்கிப் பார்க்க வேண்டியவை என்கிறார்களே, அப்படியானால் கர்னாக், லக்சர் கோயில் என்று கிழக்குக் கரையோடு நிறுத்திக்கொள்ளலாமா? ஆனால் அம்மா பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவர், துட்டன்காமன் கல்லறையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொன்னவர். அவ்வளவு தூரம் கூட்டிப்போய்விட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகாமல் திரும்பினால் எனக்கு மனசு ஆறாது.

பாலைநடை:
மேற்குக் கரையை விடாதீர்கள். கல்லறைகள் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. மூன்றாம் துட்மோஸ் கல்லறைக்கு முதலில் உயரமாகப் படி ஏறி, அப்புறம் செங்குத்தாக உள்ளே இறங்க வேண்டும், அது வேண்டவே வேண்டாம். நான்காம் ராம்சேஸ் கல்லறை அகலமான நேர்ப்பாதை, கிட்டத்தட்ட வீட்டுக்குள் நடப்பது போலத்தான். ஆறாம் ராம்சேஸ் கல்லறைக்குத் தனி டிக்கெட், ஆனால் காசைப் பார்க்காதீர்கள்: சரிவு நீளம் என்றாலும் மென்மையானது, கடைசி அறையின் கூரையில் வான தேவதை நுத் மாலையில் சூரியனை விழுங்கி, இரவெல்லாம் உடம்புக்குள் சுமந்து, காலையில் மறுபடி பெற்றெடுப்பதை வரைந்திருக்கிறார்கள், 3,000 வருடத்துக்கு மேலான நிறம் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

துட்டன்காமனுக்கும் தனி டிக்கெட்தான். 16 படி, பிறகு ஒரு சின்னச் சரிவு. கல்லறை ரொம்பச் சிறியது, ஓவியம் ஒரே அறையில்தான், 1922இல் கிடைத்த பொக்கிஷத்தில் பெரும்பகுதி கெய்ரோவை ஒட்டிய கீசாவில் இருக்கிறது. ஆனால் சின்ன வயதிலேயே இறந்துபோன அந்த அரசனின் உடல் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அம்மாவை ஒவ்வொரு படியாகக் கைப்பிடித்து இறக்குங்கள், நிச்சயம் முடியும். டிக்கெட் கவுண்டரிலிருந்து இந்தக் கல்லறைகள் இருக்கிற அரசர்களின் பள்ளத்தாக்குக்குள் பேட்டரி வண்டி போகிறது. காலை 6 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், நேரம் ஆக ஆகக் கல்லறைக்குள் கூட்டமும் புழுக்கமும் ஏறிவிடும்.

கல்லும்உளியும்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாரும் அடுத்து பெண் அரசர் ஹட்ஷெப்சுட்டின் கோயிலுக்கு ஓடுவார்கள். அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் நிழலில்லாத நீளமான சாய்தளம் ஏறணும். அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மதினத் ஹாபு கோயிலுக்குப் போங்கள், மூன்றாம் ராம்சேஸ் கட்டியது, பெரும்பாலும் சமதரை, கூட்டம் குறைவு. சிற்பங்களை அவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறார்கள், சில இடத்தில் கையே உள்ளே போய்விடும். போரில் வெட்டிய எதிரிகளின் கைகளைக் குவித்து எண்ணுகிற காட்சிகூட இருக்கிறது.

வரலாறு எடுத்தவர் என்பதால் சொல்கிறேன், பக்கத்திலேயே தெய்ர் எல் மதீனாவும் உண்டு. கல்லறைகளைக் குடைந்து வரைந்த தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர், வீட்டுச் சுவர்களின் அடிப்பகுதி வரிசையாக நிற்கிறது. கூலியாகக் கொடுக்கவேண்டிய தானியம் தாமதமானதால் இதே மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் இவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் அதுதான். அங்குள்ள கல்லறைகளுக்குள் அம்மா இறங்க வேண்டாம், செங்குத்தான படி. மேலே நின்று ஊரைப் பார்த்தாலே போதும்.

ஆற்றோரம்:
கிழக்குக் கரைக்கு என் யோசனை: கர்னாக் காலையில், லக்சர் கோயில் பொழுது சாய்ந்தபின். கர்னாக்கின் 134 தூண்களுக்கு நடுவில் இளவெயில் சாய்வாக விழும்போது அம்மாவை ஒரு கல்மேல் உட்காரவையுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு கோயிலையும் இணைக்கிற, இருபுறமும் ஸ்பிங்க்ஸ் சிலைகள் வரிசையாக இருக்கிற சாலை 2.7 கிலோமீட்டர், அதை முழுக்க நடக்க வேண்டாம், கார் எடுங்கள். லக்சர் கோயிலுக்குள்ளேயே அபு அல் ஹக்காக் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் பழைய கதவு தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நிற்கும், ஏனென்றால் பள்ளிவாசல் கட்டியபோது கோயில் அந்த உயரத்துக்கு மண்ணுக்குள் புதைந்திருந்தது. வாசலில் ஒபெலிஸ்க் என்கிற ஒரே கல்லாலான கூர்முனைத் தூண் ஒன்றுதான் நிற்கும், ஜோடி பாரிசில்.

குதிரை வண்டிக்காரரிடம் ஏறும் முன்னாலேயே தொகையைப் பேசி, திரும்பி வருவதும் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஏறி, இறங்கும்போது இரண்டு மடங்கு கொடுத்தேன்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். துட்டன்காமனைவிட அந்த வேலைநிறுத்தக்காரர்கள் ஊரைத்தான் முதலில் பார்க்கணும் என்கிறார்! முதல் நாள் முழுக்க மேற்குக் கரை, மறுநாள் கர்னாக், சாயங்காலம் லக்சர் கோயில் என்று முடிவு செய்துவிட்டோம். ஊன்றுகோல் கொண்டுபோகலாமா?

பாலைநடை:
தாராளமாக. அடியில் ரப்பர் இருக்கட்டும், கல்லறைப் பாதைகளில் பலகை போட்டிருக்கிறார்கள், சில இடம் வழுக்கும். டிக்கெட்டுக்குக் கார்டு எடுத்துப் போங்கள், நான் போனபோது ரொக்கம் வாங்கவில்லை. உள்ளே இருக்கிற காவலர்கள் விளக்கம் சொல்லிவிட்டுக் கை நீட்டுவார்கள், அதற்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.