பெரியவர் காட்டிய இடத்தை இணைய வரைபடத்தில் போடலாமா?

கேள்வி – மண்வாசி
ஒரு காட்டுப் பாதுகாப்புத் திட்டத்துக்காக மூன்று மாதமாக உள்ளூர்ப் பெரியவர்களோடு நடந்து குறிப்பெடுக்கிறேன். எந்த மடுவில் எப்போது மீன் முட்டையிடும், எந்தக் கிழங்கை எவ்வளவு விட்டுத் தோண்டினால் மறுபடி தழைக்கும், எல்லாம். ஒவ்வொரு இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்தாச்சு. இப்போது பணம் கொடுப்பவர்கள், மொத்தத்தையும் யாரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் ஏற்றச் சொல்கிறார்கள். போன வாரம் கருவியை வெளியே எடுத்ததும் ஒரு பெரியவர், "இது எங்க போகுது தம்பி?" என்றார். மென்று முழுங்கினேன். ஒப்புதல் படிவத்தில் அவர் கைநாட்டு இருக்கிறது. இணையம் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

வேம்படி
ஏத்தாதீங்க. 'எழுதி வெச்சாதானே பாதுகாப்பு'ன்னு மஞ்சள் கதையைக் கொண்டு வருவாங்க. புண் ஆத்த மஞ்சள்னு 1995-ல அமெரிக்காவுல காப்புரிமை கொடுத்தாங்க. நம்ம நாட்டு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைக் காட்டி 1997-ல அதை ரத்து பண்ண வெச்சது. நிஜம்தான். ஆனா மஞ்சள் ஊரறிஞ்ச விஷயம். அந்த மடு அப்படியா?

கட்டைவிரல்
ஹூடியாவையும் பாருங்க. தென்னாப்பிரிக்காவில் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமலிருக்க மென்ற செடி. காப்புரிமை வாங்கியவர்கள் முதலில் அவர்களைக் கேட்கவே இல்லை. வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு தரும் ஒப்பந்தம் 2003-ல்தான் வந்தது. 1992 உயிரியல் பன்மய உடன்படிக்கையின் 8(ஜே) பிரிவு, இந்த அறிவை வைத்திருப்பவர்களின் ஒப்புதலோடும் பங்கேற்போடும்தான் அதைப் பரவலாக்க வேண்டும் என்கிறது. (அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு என்று ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள்.)
இடத்தை மட்டுமாவது மங்கலாக்குங்கள். பார்த்த செடி, விலங்குகளை யாரும் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அருகிவரும் உயிரினங்களின் இடத்தை 0.2 டிகிரி (ஏறத்தாழ 20 கி.மீ.) கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் காட்டுவார்கள்.

மண்வாசி
இடத்தை மங்கலாக்கலாம். கிழங்கு தோண்டும் பக்குவத்தை எப்படி மங்கலாக்குவது? அதுதான் உதைக்கிறது.

வேம்படி
அதை அவர்கிட்டதான் கேக்கணும், எங்ககிட்ட இல்ல.

மண்வாசி
நேற்றுப் போய்க் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். நான் நினைத்ததற்குத் தலைகீழ். மீன் முட்டையிடும் நாட்களை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போடச் சொன்னார், அப்போதாவது வலை போடமாட்டார்களாம். எந்த மடு என்பது வேண்டாம். கிழங்குப் பக்கம் வந்ததும் நோட்டை வாங்கி, அந்த ரெண்டு தாளைத் தானே கிழித்து மடியில் செருகிக்கொண்டார். கணினியில் இருந்த பிரதியையும் அழித்துவிட்டேன். பணம் கொடுப்பவர்களுக்கு இனிமேல்தான் எழுத வேண்டும்.