புதுப்பிப்பு: பாங்காக்கில் ரொக்கமா, கார்டா? போய் வந்தாயிற்று

பாங்காக் பயணத்துக்கு ரொக்கமா, ஃபாரெக்ஸ் கார்டா (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைக்கும் கார்டு), கிரெடிட் கார்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஃபாரெக்ஸ் கார்டில் டாலருக்குப் பதில் தாய்லாந்து நாணயமான பாட்டாகவே ஏற்றச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது; டாலரை மறுபடி பாட்டாக மாற்றும் கட்டணம் மிச்சம். மால்களில் அதுவே போதும். தெருக்கடைகளில் ரொக்கம் அல்லது உள்ளூர் கியூஆர்தான். கார்டை நீட்டினால் சிரிக்கிறார்கள்.

நான் போனபோது ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாட் கட்டணம் இருந்தது. ஆயிரம் எடுத்தாலும் அதே, பத்தாயிரம் எடுத்தாலும் அதே. மொத்தமாக ஒரே தடவை எடுத்தேன்.

எதிர்பாராதது: ஓட்டலில் கிரெடிட் கார்டைத் தேய்த்தபோது ரூபாயிலா, பாட்டிலா என்று மெஷின் கேட்டது. நம்ம காசுதானே என்று ரூபாயை அமுக்கினேன். அவர்கள் வைத்த ரேட்டில் சில நூறு ரூபாய் போச்சு. மறுநாள் பாட் அமுக்கினேன், சரியாக இருந்தது.