ஹம்பி – பாதாமி – விஜயபுரா: 8 நாள், ரயிலும் அரசுப் பேருந்தும் மட்டும்

காவேரிக்கரை:

வணக்கம். ஜனவரி 10 வாக்கில் நானும் தோழியும் சென்னையிலிருந்து கிளம்பி ஹம்பி, பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே, விஜயபுரா (பழைய பிஜாப்பூர்) பார்த்துவிட்டு எட்டாம் நாள் வீடு திரும்ப வேண்டும். டாக்சி வேண்டாம். ரயில், அரசுப் பேருந்து, மிஞ்சிப்போனால் ஷேர் ஆட்டோ. ஆளுக்கு 8,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். முதுகில் ஆளுக்கொரு பை இருக்கும்.

ஹம்பியிலிருந்து பாதாமிக்கு ரயிலா, பஸ்ஸா? கர்நாடகத்தில் பெண்களுக்குப் பஸ் இலவசம் என்கிறார்களே, நமக்கும் உண்டா? ஐஹொளேயும் பட்டடக்கல்லும் ஒரே நாளில் பஸ்ஸில் முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்:

முதலில் தேதியைப் பாருங்கள். சங்கராந்தியும் பொங்கலும் சேரும் வாரம் அது. போகும் டிக்கெட், திரும்பும் டிக்கெட் இரண்டுக்கும் அடிதடி. பத்து நாள் தள்ளினால் பாதித் தலைவலி குறையும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது (2024 நவம்பர் முதல்). அந்த நாள் காலையிலேயே போட்டுவிடுங்கள். "வெயிட்டிங் லிஸ்ட்டில் ஏறி டிடிஇ-யிடம் பேசிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏற அனுமதி இல்லை, இறக்கிவிடுவார்கள். ஆர்ஏசி என்றால் பயமில்லை, உட்கார இடம் நிச்சயம்.

போக இரண்டு வழி. ஒன்று, சென்னையிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் (16592). காலையில் ஹம்பிக்குப் பக்கத்து நிலையமான ஹொசபேட்டையில் இறங்கலாம். சென்னை–பெங்களூரு லால்பாக் எக்ஸ்பிரஸில் போய் அதே இரவு ஹம்பி எக்ஸ்பிரஸைப் பிடிக்கத் திட்டம் போடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம் மிகக் குறைவு, லால்பாக் கொஞ்சம் தாமதித்தாலும் போச்சு. காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் போனால் நிம்மதி. இரண்டாவது டிக்கெட் எடுக்கும்போது முதல் பிஎன்ஆரை இணைத்துவிடுங்கள். இரண்டிலும் பெயர்கள் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் மனு) போட்டுப் பிடித்தமில்லாமல் பணம் திரும்பப் பெற அதுதான் வழி. இணைக்காவிட்டால் அந்த உரிமை இல்லை.

இன்னொரு வழி, சென்னை–மும்பை வண்டி ஏதாவதில் குண்டக்கல்லில் இறங்கி, பல்லாரி வழியாகப் போகும் வண்டியில் ஹொசபேட்டை. தூரம் மிச்சம். ஆனால் சில வண்டிகள் நடுச்சாமத்தில் இறக்கிவிடும். இரண்டு பெண்கள் பையோடு மூன்று மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்காருவதைவிடப் பெங்களூரு வழியே மேல்.

ஹம்பியிலிருந்து பாதாமிக்கு ரயில்தான். ஹொசபேட்டையிலிருந்து கதக், அங்கே மாறி விஜயபுரா பாதையில் பாதாமி. இரண்டுமே பகல் நேரச் சின்னத் துண்டுகள், முன்பதிவில்லாப் பெட்டி போதும். டிக்கெட்டை ரயில்ஒன் செயலியில் எடுக்கலாம், ஆனால் நிலையத்துக்குள் நுழையும் முன்பே எடுங்கள். உள்ளே போனபின் அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால்தான் வரும். சாதாரண பாசஞ்சர் டிக்கெட் எக்ஸ்பிரஸில் செல்லாது. வண்டி சூப்பர்ஃபாஸ்ட் என்றால் இரண்டாம் வகுப்புக்கு 15 ரூபாய் கூடுதல். இதை விட்டுவிட்டு ஏறுபவர்கள்தான் அபராதம் கட்டுகிறார்கள்.

திரும்ப பெங்களூரு வரை இறங்கி வராதீர்கள். விஜயபுராவிலிருந்து வடக்கே சோலாப்பூர் சுமார் 110 கிலோமீட்டர். மும்பை–சென்னை வண்டிகள் அங்கே நிற்கும், நேராகச் சென்னை. ஒரே சிக்கல்: சோலாப்பூர் நடுவழி நிலையம், ஒதுக்கீடு குறைவு. அங்கிருந்து காத்திருப்பு காட்டினால் புனேயிலிருந்து டிக்கெட் தேடிப் பாருங்கள். பதிவு செய்யும்போதே போர்டிங் பாயிண்ட் சோலாப்பூர் என்று கொடுத்துவிடுங்கள். தூரம் கூடக்கூட கிலோமீட்டர் கட்டணம் குறைவதால் வித்தியாசம் பெரிதாக இருக்காது. போர்டிங் பாயிண்ட் கொடுக்க மறந்தால் புனேயில் ஆள் வரவில்லை என்று படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வாதாபிப் பித்தன்:

பஸ் பற்றி நான் சொல்கிறேன். இலவசப் பயணம் (சக்தி திட்டம், 2023 ஜூன் 11 முதல்) கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும். உங்கள் ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருந்தால் டிக்கெட் வாங்கியே ஆக வேண்டும். அந்தத் திட்டத்தால் காலை நேரச் சாதாரணப் பேருந்துகள் நிரம்பி வழிகின்றன, பெரிய பையோடு நடுவழியில் ஏறினால் நிற்கத்தான் முடியும். பஸ் நிலையத்திலேயே, வண்டி வந்து நிற்கும் பிளாட்பாரத்திலேயே ஏறுங்கள்.

கிராமப் பேருந்துகளில் பலகை கன்னடத்தில் மட்டும்தான். "ஐஹொளேகே ஹோகுத்தா?" (போகுமா?), "கொனே பஸ் எஷ்டு கண்ட்டேகே?" (கடைசி பஸ் எத்தனை மணிக்கு?) இந்த இரண்டும் வாயில் இருந்தால் போதும். இரண்டாவது கேள்வியை எங்கே இறங்கினாலும் முதல் வேலையாகக் கண்டக்டரிடம் கேளுங்கள். இந்தப் பகுதியில் உங்கள் நாளின் நீளத்தைத் தீர்மானிப்பது சூரியன் இல்லை, கடைசி பஸ்தான்.

ஐஹொளே, பட்டடக்கல் ஒரே நாளில் முடியும், வரிசை முக்கியம். எல்லோரும் பக்கத்தில் இருக்கிறதே என்று பட்டடக்கல்லில் (பாதாமியிலிருந்து 22 கிலோமீட்டர்) தொடங்கி, மத்தியானம் ஐஹொளே போய், திரும்ப பஸ் இல்லாமல் ஆட்டோவுக்குக் கேட்ட பணத்தைக் கொடுப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். காலை முதல் பஸ்ஸில் தூரத்தில் இருக்கும் ஐஹொளே. அங்கிருந்து வரும் வழியில் பட்டடக்கல். சாயங்காலம் பட்டடக்கல்லிலிருந்து பாதாமி. மாலை வண்டிகள் பட்டடக்கல் பக்கம்தான் அதிகம்.

ஐஹொளேயில் துர்க்கை கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். (பெயர் அம்மனால் வந்ததல்ல, பக்கத்திலிருந்த துர்கத்தால், அதாவது கோட்டையால் வந்தது.) மேலே மேகுடிக் குன்றுக்கு ஏறுங்கள். கூரை பாதி போன சமணக் கோயில், சுவரில் இரவிகீர்த்தியின் கல்வெட்டு, கி.பி. 634. சாளுக்கிய அரசன் புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளிய வைத்தான் என்று பாடுகிற அதே கல்வெட்டு. எட்டே வருஷத்தில், 642-இல், பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபிக்கே (இன்றைய பாதாமி) வந்துவிட்டான். இரண்டு ஊரையும் அடுத்தடுத்துப் பார்க்கப் போகிற நீங்கள் இந்தக் கல்வெட்டை விட்டுவிட்டால் பாதிப் பயணம் வீண் என்பேன்.

ஆன்லைன் பஸ் டிக்கெட் எடுத்தால் ஒரு எச்சரிக்கை: பெங்களூரு பக்கம் தேவனஹள்ளி தாலூகாவிலும் ஒரு விஜயபுரா உண்டு. மாவட்டத் தலைநகர் விஜயபுராதானா என்று பார்த்துப் போடுங்கள்.

காவேரிக்கரை:

மிக்க நன்றி. தேதியை 20-க்குத் தள்ளிவிட்டோம், சோலாப்பூர் யோசனை அருமை. ஹம்பிக்கு இரண்டு நாள் போதுமா? தங்க ஹொசபேட்டையா, ஹம்பியேவா? சாப்பாட்டுக்கு என்ன ஆகும்?

கல்லும் உளியும்:

தோழி, இரண்டு நாள் போதும், பிரித்துக்கொள்வதில்தான் இருக்கிறது. விட்டலர் கோயில், தாமரை மஹால் வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் ஒரே டிக்கெட், 40 ரூபாய், ஆனால் அன்று ஒரு நாளுக்கு மட்டும். முதல் நாள் வாடகை சைக்கிளில் சாலை வழியாக அரண்மனைப் பகுதி, யானைக் கொட்டடி, கமலாபுரம், தளாரிகட்டா வழியாக விட்டலர் கோயில் என்று டிக்கெட் இடங்களை முடித்துவிடுங்கள். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாம் நாள் எல்லாம் கால்நடை: விரூபாட்சர், ஹேமகூடம், கடைத்தெருக் கடைசியில் உள்ள ஒற்றைக்கல் நந்தி, அச்சுதராயர் கோயில், துங்கபத்திரைக் கரை. மாதங்க மலைக்குச் சூரிய உதயம் பார்க்க இருவர் மட்டும் இருட்டில் ஏற வேண்டாம், வேறு குழுவோடு சேருங்கள். பொழுது சாய்ந்தபின் ஆற்றங்கரைப் பாறைகளிலும் இருக்க வேண்டாம். அக்கரைக்குப் படகில் போனால் கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேளுங்கள், இருட்டினால் படகு இல்லை.

தங்க ஹம்பியே மேல். விரூபாட்சர் கோயிலை ஒட்டிய வீடுகளில் சாதாரண அறை கிடைக்கும். ஹொசபேட்டையில் லாட்ஜ் கொஞ்சம் மலிவு, ஆனால் தினமும் 13 கிலோமீட்டர் போய்வர வேண்டும், காலை ஆறு மணி வெளிச்சத்தை இழப்பீர்கள். கையில் பணமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏடிஎம் என்றால் கமலாபுரம் போக வேண்டியிருக்கும். அக்கரையில் விருபாபுர கட்டியில் மலிவு விடுதிகள் என்று பழைய பதிவுகளில் படித்திருந்தால் மறந்துவிடுங்கள், 2020-இல் இடித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பாதாமிக்கு நகரும்போது லக்குண்டியைச் சேர்க்க முடியுமா பாருங்கள். ஹொசபேட்டை–கதக் சாலையில், கதக்குக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால். காலையில் ரயிலை விட்டுப் பஸ்ஸில் வந்து லக்குண்டியில் இறங்கி, அத்திமப்பெ 1007-இல் எடுப்பித்த சமணக் கோயிலையும் படிக்கிணறுகளையும் பார்த்துவிட்டு, கதக் போய்ப் பாதாமி வண்டியைப் பிடிக்கலாம்.

பாதாமி நிலையம் ஊரிலிருந்து 5 கிலோமீட்டர். வண்டி வந்ததும் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும், அந்தக் கூட்டத்தோடு ஏறினால்தான் ஷேர் விலை. பத்து நிமிடம் போட்டோ எடுத்துவிட்டு வந்தால் முழு ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். நிலையத்தில் பை வைக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். பஸ் நிலையத்தை ஒட்டிய லாட்ஜில், அறையைக் காலி செய்தபின்னும் பையை வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்வார்கள். குகைக்கோயில் படிகளில் குரங்குகள். பாலிதீன் பை கையில் தெரிந்தால் பறித்துவிடும், தண்ணீர் பாட்டிலையும் உள்ளே வையுங்கள். மூன்றாவது குகையில் அவசரப்படாதீர்கள். 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள குகை அது. தூண்களுக்கு மேலே தாங்குசிற்பமாக நிற்கும் ஜோடிகளை அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், மரக்கிளையும் கொண்டையும் எதுவும் மற்றதைப் போல இருக்காது.

பட்டடக்கல்லில் விரூபாட்சர் கோயிலை முன்கூட்டியே காஞ்சி கைலாசநாதரோடு ஒப்பிட்டுப் படித்துவிட்டுப் போங்கள். சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றபின் அவன் அரசி லோகமாதேவி எடுப்பித்தது. காஞ்சிக் கோயிலின் செல்வத்தை அவன் எடுத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்ததாகக் கைலாசநாதர் தூணிலேயே கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. வெயிலேறினால் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, கெட்டியான பருத்திக் காலுறை ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு "கானாவளி" (சாப்பாட்டுக்கடை) என்ற பலகையைத் தேடுங்கள். சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், நிலக்கடலைச் சட்னிப் பொடி, தயிர். பாதாமியிலிருந்து 5 கிலோமீட்டரில் பனசங்கரி கோயில் குளத்தங்கரையில் பெண்கள் கூடையில் ரொட்டியும் சிவப்பு மிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்து விற்பார்கள். ரொட்டியை நடுவில் வைத்து, மேலே ஒரு கரண்டி சட்னி, பக்கத்தில் தயிர், கையில் கொடுத்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாடே அதுதான். ஆனால் ஜனவரியில் பௌர்ணமியையொட்டி அங்கே பெரிய ஜாத்திரை (கோயில் திருவிழா). உங்கள் புதிய தேதி அதில் விழுகிறதா என்று பஞ்சாங்கத்தைப் பாருங்கள். விழுந்தால் பாதாமியில் அறையை இப்போதே போனில் பேசிவிடுங்கள்.

கணக்கு, ஆளுக்கு: ஐந்து இரவு அறையில் பாதிப் பங்கு 2,000 முதல் 2,500, சாப்பாடு நாளைக்கு 300 வீதம் 2,400, ரயில் எல்லாம் ஸ்லீப்பரில் 1,500 சுமார், பஸ், ஆட்டோ, சைக்கிள் 1,000, நுழைவுச்சீட்டு 250-க்குள். 8,000 தாங்கும்.

தண்டவாளம்:

ஒரு சேர்க்கை. பாதாமியிலிருந்து விஜயபுராவுக்கு ஐந்தாம் நாள் சாயங்காலமே போய்த் தூங்கிவிடுங்கள். கோல் கும்பஸ் (பெரிய குவிமாடம் கொண்ட சுல்தான் கல்லறை) ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். காலையில் திறந்தவுடன் மேலே ஏறிவிட வேண்டும். ஏழு மாடிக் கோபுரப் படி ஏறி எதிரொலி மாடத்துக்குப் போய், ஒருவர் இந்தப் பக்கச் சுவரில் மெதுவாகப் பேச, இன்னொருவர் எதிர்ச்சுவரில் காது வைத்துக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் வந்துவிட்டால் கூச்சல் தவிர எதுவும் கேட்காது.

திரும்பும் டிக்கெட் கடைசிவரை உறுதியாகாவிட்டால் தட்கல். ஸ்லீப்பருக்கு காலை 11 மணி, வண்டி தன் முதல் நிலையத்திலிருந்து புறப்படும் தேதிக்கு முந்தின நாள். நீங்கள் சோலாப்பூரில் நள்ளிரவு தாண்டி ஏறுவதாக இருந்தால் அந்தத் தேதி உங்கள் தேதிக்கு ஒரு நாள் முன்னால் வரும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.