கொள்ளிடத்துக்கு இன்னொரு பெயர்

ஆன்லைனில் படிப்பவர்களுக்கு நூலகர் எதற்கு என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். நானும் அப்படி நினைத்தவள்தான்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். வீடியோ பாடங்களைப் பிள்ளைகள் தூங்கியதும் பார்த்துவிடலாம். அசைன்மென்ட்டில்தான் மாட்டிக்கொண்டேன். 19-ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தில் கட்டிய அணைகளைப் பற்றி, பாடநூல் தவிர மூன்று ஆதாரங்களோடு எழுத வேண்டும். கூகுளில் தேடினால் வெள்ளச் செய்தியும் முதலைச் செய்தியும்தான் வந்தன. பல்கலைக்கழக மின்நூலகத்தின் லாகின் இரண்டு வாரமாகத் திறக்கவில்லை.

கரண்ட் பில் கட்டப் போன அன்று கிளை நூலகத்தில் ஏறினேன். நூலகர் என் போனை வாங்கி, நான் தேடியதைப் பார்த்துச் சிரித்தார். “ஏம்மா, வெள்ளைக்காரன் கொள்ளிடம்னா எழுதி வச்சிருப்பான்? கோலரூன்னு போடு. தஞ்சாவூருக்கு டாஞ்சூர். காவேரிக்கு கே வேண்டாம், சி போடு.” ஒரு துண்டுச் சீட்டில் மூன்று ஸ்பெல்லிங்கையும் எழுதிக் கொடுத்தார்.

அவ்வளவுதான், கொட்ட ஆரம்பித்தது. 1906-இல் வந்த தஞ்சை மாவட்ட கெசட்டியர், அதாவது அரசு வெளியிட்ட மாவட்ட விவரத் தொகுப்பு, முழுசாகவே இணையத்தில் கிடந்தது. காவிரி மணல் மேடிட்டு, தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் ஓடியதால்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அணைக்கரையில் கீழணையும் அதே காலம்தான். ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம் என்று சொன்னவரும் அவர்தான். “முதல்ல கடைசிப் பக்கத்துக்குப் போ, அவங்க எதையெல்லாம் படிச்சாங்கன்னு பாரு” என்பார்.

அப்புறம் வாட்ஸ்அப்பிலேயே கேட்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமையும் பதில் வரும். தொந்தரவு செய்கிறேனா சார் என்றதற்கு, “1931-லயே நம்ம மன்னார்குடியில மாட்டுவண்டியில புத்தகம் ஊர் ஊராப் போச்சு, இது ஒரு தொந்தரவா?” என்றார். ஒன்று மட்டும் நடக்காது, எழுதித் தர மாட்டார். முன்னுரையை மட்டுமாவது சொல்லுங்களேன் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் மட்டும் வரவில்லை.

கடைசியில் 20-க்கு 16 வாங்கினேன். உற்சாகத்தில் ஓரிடத்தில் கோலரூன் என்றே எழுதியிருக்கிறேன் போல. திருத்தியவர் பக்கத்திலேயே கேட்டிருக்கிறார்: “இது எந்த ஆறு?”