காற்று நின்றதும் வெளியே போனவர்கள் யாராவது உண்டா?

மொட்டைமாடி

வர்தா புயல் அன்று நடந்ததை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. காலையிலிருந்து வடக்குக் காற்று. எதிர்வீட்டு வேப்பமரம் தெற்கே குனிந்து குனிந்து நிமிர்ந்தது, விழவில்லை. சாயங்காலம் சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. மழைகூட இல்லை. எங்கோ ஒரு காக்கா கத்தியது. தெருவே செல்போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் அண்ணன், மாற்று ஆள் வராததால் முந்தின ராத்திரியிலிருந்து அங்கேயே இருந்தார். வீட்டில் சின்னப் பிள்ளைகள். "போலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் பெரிய வானிலை அதிகாரி மாதிரி மேலே பார்த்துவிட்டு, "முடிஞ்சிடுச்சுண்ணே, கிளம்புங்க" என்றேன்.

அரை மணி ஆகியிருக்காது. தெற்கிலிருந்து அடித்தது. காலையெல்லாம் தாக்குப்பிடித்த வேம்பு இந்தப் பக்கம் சாய்ந்தது. அண்ணன் மூன்று நாள் கழித்து வந்தார். தகரம் கிழித்து இடது கையில் தையல். ஏடிஎம்மில் காசு இல்லாத மாதம் வேறு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு யாரிடமோ கடன். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லவேளை நீங்க போகச் சொன்னீங்க, பிள்ளைங்க பயந்துபோய் கிடந்துச்சுங்க" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்போதெல்லாம் வீட்டில் சண்டை நடந்து திடீரென்று அமைதியானால், நான் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

பேராவூரணி தோப்பு

கஜா எங்களுக்கு நடுராத்திரிக்கு மேல்தான் வந்தது, அதனால் காற்று நின்றதா, திரும்பியதா ஒன்றும் தெரியாது. சத்தம் மட்டும்தான். விடிந்ததும் தோப்புக்குப் போனோம் (2018 நவம்பர் 16). எங்கள் தோப்பில் பகலிலேயே டார்ச் வேண்டும் என்று கிண்டல் செய்வார்கள். அன்று தரை முழுக்க வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கியது.

அப்பா விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் கிடந்த குலையிலிருந்து ஒரு இளநீரை வெட்டிக் குடித்தார். எனக்கும் ஒன்று சீவி நீட்டினார். "குடி, வீணாப் போயிடும்." வாங்கி வீசி எறிந்தேன். அப்பா எழுந்து போய் அதை எடுத்தார், பாதி கொட்டியிருந்தது, வாயைத் துண்டால் துடைத்துவிட்டு மிச்சத்தையும் குடித்தார். அப்போது அவருக்கு 68 வயது. நெட்டைத் தென்னை வைத்தால் காய்க்க ஆறேழு வருடம் என்பது அவருக்குத் தெரியாததா?

வரப்பில் இருந்த பனை எல்லாம் அப்படியே நின்றது. வளைந்து கொடுத்தால் பிழைக்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வளைந்தது தென்னைதான்.

பலாப்பழம் பண்ருட்டி

2011 டிசம்பர் 30, தானே. தாத்தா வைத்த பலா போனது. அவ்வளவுதான் என் கதை.

மொட்டைமாடி அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புயலின் கண் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே? நம் வங்காள விரிகுடாப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து வரும் புயலின் முன்பாதி கடக்கும்போது வாடைக்காற்று, பின்பாதியில் நேர் எதிராகத் தெற்கிலிருந்து. நடுவில் இருப்பது கண். அதைச் சுற்றியுள்ள சுவரில்தான் காற்றின் வேகம் உச்சம், அந்தச் சுவர் நம்மை இரண்டு தடவை கடக்க வேண்டும். முதல் காற்றில் வேர் ஆட்டம் கண்டுவிடும், இரண்டாவது காற்று எதிர்ப்பக்கம் தள்ளினால் மரம் எப்படி நிற்கும்? ஆகவே காற்று நின்றால் வெளியே போகக் கூடாது. எந்தப் பக்க ஜன்னலைத் தைரியமாகத் திறந்து வைத்திருந்தீர்களோ அதை அந்த இடைவெளியில் சாத்த வேண்டும். மாடித் தொட்டியை முதல் நாளே நிரப்பிவிடுங்கள், காலித் தொட்டி பறக்கும். பாட்டரி ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள். இன்வெர்ட்டர் தரையில் இருந்தால் மேசை மேல் ஏற்றுங்கள். மெழுகுவத்தி வேண்டாம், எமர்ஜென்சி விளக்குதான் நல்லது, அதையும் மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு...

பேராவூரணித் தம்பிக்கு: பனைக்கும் சல்லிவேர்தான், தென்னை மாதிரியே. பனையின் கொண்டை சின்னது, விறைப்பானது. தென்னைக்கு நீள மட்டை, குலைகளின் பாரம். தலைக்கனம்தான் சாய்த்தது. இதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

அடுத்ததடவை

தலைக்கனம் என்று எழுதிவிட்டுத் தத்துவம் இல்லை என்கிறாரே.

என்னுடையது புயல் இல்லை. 2006ல் மூணாறில் குறிஞ்சி பூத்தபோது அம்மா கேட்டார்கள், பரீட்சை இருந்தது, அடுத்த தடவை என்றேன். 12 வருடம்தானே. 2018 ஆகஸ்டில் டிக்கெட் எடுத்தேன், அந்த வாரம் கேரளாவே வெள்ளத்தில். மலைப்பாதை சரிந்தது. அக்டோபர் கடைசியில் ஒருவழியாகக் கூட்டிப்போனால், நாங்கள் போன சரிவில் பழுப்பாகக் காய்ந்த குச்சிகள். நான் அழுகிற நிலைமை. அம்மா அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி வட்டவடைப் பூண்டு இரண்டு கிலோ பேரம் பேசி வாங்கினார்கள். ஊர் திரும்பி எல்லோரிடமும் பூண்டைப் பற்றித்தான் பேச்சு.

இனி 2030. அம்மா இல்லை. பூவுக்காகத்தான் கேட்டார்களா, என்னோடு எங்காவது போக வேண்டும் என்று கேட்டார்களா, இன்றுவரை புரியவில்லை.

கட்டுமரம்

எல்லோரும் இயற்கையிடம் பாடம் படித்திருக்கிறீர்கள், நல்லது. ஒக்கியில் (2017 நவம்பர் 30) எங்கள் கரையில் யாரும் பாடம் படிக்கவில்லை. கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ரேடியோ வாங்கி வைக்கச் சொன்ன அண்ணனுக்கு இது.

என் மாமா ஆறாம் நாள் திரும்பினார். கரையில் இறங்கியும் யாரிடமும் பேசவில்லை. இடுப்பில் நைலான் கயிறு. படகோடு சேர்த்துக் கட்டியிருந்திருக்கிறார். முடிச்சு உப்பில் இறுகிப்போய் அவிழவில்லை. நான்தான் கத்தியால் அறுத்தேன். அறுக்கும்போது என் கையை அப்படிப் பிடித்தார், அறுக்க வேண்டாம் என்பது போல.

போன மாதம்கூடக் கடலுக்குப் போனார். நான் பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறேன்.

பலாப்பழம் பண்ருட்டி

மன்னிக்கவும் தம்பி. உங்களைப் படித்த பிறகு மேலே எழுதியதை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். ஜன்னல் விஷயம் மட்டும் யாருக்காவது உதவும், இருக்கட்டும்.

மொட்டைமாடி

எனக்குக் கண் என்றால் என்னவென்று தெரியும் ஐயா. அன்று காலை டிவியில் பார்த்தேன். தெரிந்தும்தான் சொன்னேன். அதை முதலில் எழுதாமல் விட்டேன்.

பேராவூரணி தோப்பு

பனை பற்றி ஒரு திருத்தம். தென்னையிலும் மூலையில் ஒன்று நின்றது. கோணல் மரம், பறிக்க வருகிற ஆட்கள் ஏற மாட்டேன் என்று அதை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். அப்பா அதைச் சுற்றித்தான் புதுக் கன்றுகளை வைத்தார். கன்றெல்லாம் பாளை விட்டாயிற்று. கோணல் மரத்தில் இப்போதும் யாரும் ஏறுவதில்லை.