கலைச்சொல் உதவி: 'வெள்ளைப்படுதல்' என்று எழுதினால் பாடமே கெடுகிறது

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கத்து மகளிர் குழுக்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மாதத்தில் எந்த நாட்களில் கரு தங்கும், எந்த நாட்களில் தங்காது என்பதை ஒரு பெண் தன் உடம்பு காட்டும் அடையாளங்களை வைத்தே தெரிந்துகொள்வது எப்படி என்பதுதான் பொருள். பிள்ளைக்கு ஏங்குகிறவருக்கும் சரி, அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட நினைக்கிறவருக்கும் சரி, பாடம் ஒன்றே. பல வருடம் கிராமச் செவிலியராக இருந்தவள் நான். உடம்பைப் பற்றி எழுத எனக்குத் தயக்கமில்லை. சொல்தான் இடிக்கிறது.

இந்த முறைகளில் முக்கியமான அடையாளம் கருப்பையின் வாயிலிருந்து வரும் கசிவு. மாதவிலக்கு நின்றதும் பெரும்பாலும் சில நாள் வறட்சியாக இருக்கும். அப்புறம் பிசுபிசுப்பாக, கலங்கலாக ஏதோ வரும். முட்டை வெளிவரும் நாள் நெருங்க நெருங்க ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடும். அந்தக் கசிவு தெளிந்து, கோழிமுட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும், வழவழவென்று இருக்கும். முட்டை வெளிவந்துவிட்டால் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் அதை மறுபடி கெட்டியாக்கிவிடும், அல்லது வறட்சி திரும்பும். தெளிந்து இழுபடுகிற நாட்களில்தான் விந்தணு உள்ளே 5 நாள் வரைகூட உயிரோடு இருக்க முடியும். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். இரண்டையும் சேர்த்தால், ஒரு சுழற்சியில் கரு தங்க வாய்ப்புள்ளது ஏறத்தாழ 6 நாள்.

இந்தக் கசிவைத் தமிழில் எல்லாரும் வெள்ளைப்படுதல் என்றே எழுதிவிடுகிறார்கள். நம் பக்கத்தில் "வெள்ளை படுது" என்று ஒரு பெண் சொன்னால் அது சீக்கு. உடம்புச் சூடு, சத்து இறங்குகிறது, எலும்பு உருகிப் போகிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்று அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ பயம் இருக்கிறது. ஒரு வகுப்பில் நான் படம் போட்டு விளக்கி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப எனக்கு மாசாமாசம் வர்றது சீக்கு இல்லையா, நர்சம்மா?" கல்யாணமான நாளிலிருந்து அதற்காக ஊறவைத்த வெந்தயமும் கண்டவர் கொடுத்த சூரணமும் சாப்பிட்டு வந்தவள். அவள் உடம்பு மாதாமாதம் சரியாக வேலை செய்ததைத்தான் நோய் என்று நினைத்து மருந்து தின்றிருக்கிறாள்.

இதே சொல் மறுபக்கமும் கெடுதல் செய்கிறது. தயிர்த் திப்பி மாதிரி வந்து அரிப்பெடுத்தாலும், மஞ்சளாக, பச்சையாக, நாற்றத்தோடு வந்தாலும், "வெள்ளைப்படுறது எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் டாக்டரிடம் காட்ட வேண்டியது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே பெண்கள் தொழுவத்தில் பசு கத்த ஆரம்பித்து, கண்ணாடி மாதிரி கோடாக ஒழுகினால், அன்றைக்கே சினை ஊசிக்கு ஆள் அனுப்புகிறார்கள். மாட்டுக்கு அதை யாரும் நோய் என்பதில்லை. அறிவு இல்லாமல் இல்லை. தன் உடம்பு என்று வந்ததும் அதைச் சொல்ல ஒரு நல்ல சொல் இல்லை.

பாடநூல்களில் 'கருப்பைவாய்ச் சளி' என்று பார்த்தேன். சளி என்றதும் மூக்கும் இருமலும்தான் நினைவுக்கு வருகிறது, முகத்தைச் சுளிக்கிறார்கள். கோழையும் அப்படியே.

என் பரிந்துரை: கருப்பைவாய்ச் சுரப்பு. பால் சுரக்கிறது, உமிழ்நீர் சுரக்கிறது, ஊற்று சுரக்கிறது என்கிறோம். சுரப்பது என்றால் உடம்பு தானாக நல்லதுக்குச் செய்வது என்று காதே ஒப்புக்கொள்கிறது. வகுப்பில் 'சுரப்பு' என்று சுருக்கமாகச் சொன்னாலும் போதும். 'வெள்ளைப்படுதல்' நோய்க்கு மட்டும் இருக்கட்டும்.

அதன் நிலைகளைச் சொல்ல 'பதம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொட்டுப் பிரித்து, கம்பி இழுக்கிறதா என்றுதான் பார்க்கிறாள். சுரப்பைப் பார்க்கும் முறையும் அச்சாக அதேதான். ஆகவே கலங்கலாக ஒட்டுவது பசைப் பதம், தெளிந்து இழுபடுவது கம்பிப் பதம்.

அடுத்தது முறையின் பெயர். 'இயற்கைக் குடும்பக் கட்டுப்பாடு' என்று போட்டால் ஆபரேசன் என்றே எடுத்துக்கொள்வார்கள். "கு.க. பண்ணியாச்சா?" என்றால் இங்கே அதுதான் அர்த்தம். 1977-இல் மத்திய அரசு குடும்ப நலம் என்று பெயரை மாற்றிய பிறகும் பேச்சில் அது மாறவில்லை. 'இயற்கைக் கருத்தடை' என்றால் பப்பாளி, எள்ளுருண்டை என்று பேச்சு திரும்புகிறது. போதாததற்கு, பிள்ளை வேண்டும் என்று வருகிறவளுக்குத் தடை என்ற சொல்லே ஆகாது. இதற்கு ஒரு நல்ல பெயர் சொல்லுங்கள்.

* * *

மறுமொழி

சகோதரிக்கு வணக்கம். சுரப்பு நல்ல சொல். இருந்தாலும் இன்னும் செறிவாக 'கருவாய்நீர்' என்றோ 'சினைநீர்' என்றோ ஆக்கலாம். சினைப்பை, சினைமுட்டை என்று ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் சினைநீர் அவற்றோடு ஓர் இனமாகச் சேரும்.

கரு தங்கும் நாளுக்கு 'கருநாள்' போதும். அதை அறியும் முறை 'கருநாள் அறிதல்'. அல்லது விளைநிலம் என்பதுபோல 'விளைநாள்' எனலாம். தொல்காப்பியக் கற்பியலில், பரத்தையை நாடிப் பிரிந்த தலைவனும் பூப்பு, அதாவது மாதவிலக்கு, தோன்றியபின் ஈராறு நாள் மனைவியை நீங்கி உறைய மாட்டான் என்று வருகிறது. உரைகாரர்கள் அதைக் கருத்தரிக்கும் காலத்தோடு சேர்த்தே விளக்குகிறார்கள். நாள் பார்க்கும் எண்ணம் தமிழுக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

* * *

மறுமொழி

அக்கா, நான் மதுரையில் மகப்பேறு மருத்துவர். சொற்களைத் தமிழறிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு சொற்களை மட்டும் கையேட்டில் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, 'பாதுகாப்பான நாட்கள்'. வார இதழ்களின் கேள்வி பதிலில் எல்லாம் இது வருகிறது. 28 நாள் கணக்கு வைத்து, இத்தனையாவது நாளிலிருந்து பயமில்லை என்று போட்டுவிடுகிறார்கள். ஜப்பானில் ஒகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் 1920களில் கண்டுபிடித்துச் சொன்னது, முட்டை வெளிவருவது அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ 2 வாரம் முன்பு என்பது. அடுத்த விலக்கு எப்போது வரும் என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. பிரசவத்துக்குப் பிறகும், விலக்கு நிற்கப்போகும் வயதிலும், சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் நாள் எங்கெங்கோ தள்ளிப்போகும். இந்த முறைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், சாதாரணமாகப் பின்பற்றுகிற 100 பேரில் ஒரு வருடத்துக்குள் 2 முதல் 23 பேர் வரை கருத்தரிக்கிறார்கள். முறைக்கு முறை, கற்றுக்கொண்ட விதத்துக்கு விதம் வித்தியாசம் அவ்வளவு பெரிது. சுரப்பையும் உடல் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்களைப் பற்றி ஜெர்மனியில் 2007-இல் வெளியான ஆய்வில் 1.8 பேர்தான். இப்படி இருக்க, 'பாதுகாப்பு' என்று ஒரே சொல்லில் எல்லாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. பால்வினை நோய்களிலிருந்து இவற்றில் எதுவும் காக்காது என்பதால் அந்தச் சொல் இன்னும் தப்பு.

இரண்டாவது, 'உச்ச நாள்'. சுரப்பை மட்டும் வைத்துப் பார்க்க ஆஸ்திரேலியாவில் பில்லிங்ஸ் தம்பதி உருவாக்கிய முறையை மொழிபெயர்க்கிறவர்கள் இப்படி எழுதுகிறார்கள். சுரப்பு அதிகமாக வரும் நாள் என்றுதான் கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். அது இல்லை. வழவழப்பு உணரப்படுகிற கடைசி நாள்தான் அது. மறுநாள் வழவழப்பு போன பிறகுதான் "நேற்று அந்த நாள்" என்றே தெரியும். அதற்குப் பிறகும் 3 நாள் கரு தங்கக்கூடிய நாள் கணக்கில் சேரும். இங்கே சொல் தப்பினால் கர்ப்பம்தான்.

உங்கள் வகுப்பில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்களே என்று தயங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தச் சுரப்பு முறையை 5 ஊர்களில் சோதித்தபோது பெங்களூரும் அதில் ஒன்று. எழுத்தறிவில்லாத பெண்களும் அடையாளத்தைச் சரியாகக் கண்டுகொண்டார்கள். ஆனால், அடையாளம் தெரிந்த நாட்களில் விலகியிருப்பதுதான் பலருக்கு முடியவில்லை. அதனால் கணவர்களுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள், அக்கா.

* * *

மறுமொழி

ஐயாவுக்கும் டாக்டரம்மாவுக்கும் நன்றி.

ஐயா, கருநாள் எழுத்தில் அழகாக இருக்கிறது. வாயால் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் காதில் 'கரிநாள்' என்று விழும். தினசரிக் காலண்டரைக் கிழிக்கும்போதே கரிநாளா என்று பார்த்து நல்ல காரியத்தைத் தள்ளிவைக்கிற வீடுகள் இவை. பிள்ளைக்காகக் காத்திருப்பவளிடம் அந்த ஓசையோடு ஒரு நாளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கருவாய்நீர் இன்னும் கஷ்டம். கறுத்த பிள்ளையைக் கருவாயன் என்று கேலி பேசுகிற ஊர் இது, வகுப்பு முழுக்கச் சிரிப்பில் போய்விடும். சினைப்பையும் சினைமுட்டையும் புத்தகத்துக்குள் இருப்பதால் தப்பித்தன. "மாடு சினையா இருக்கு" என்று தினமும் சொல்கிறவளிடம் "உன் சினைநீர்" என்றால் அவமானமாக எடுத்துக்கொள்வாள்.

விளைநாளுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பெண்ணை நிலமாகவும் ஆணை விதைக்கிறவனாகவும் பேசிப் பேசித்தான், பிள்ளை இல்லை என்றால் முதலில் அவளைக் கோயில் கோயிலாகவும் டாக்டர் டாக்டராகவும் அலைய விடுகிறார்கள். பாதிக் குறை ஆணிடமும் இருக்கலாம் என்று சொல்லப் போகிற கையேட்டில் அந்தச் சொல் வேண்டாம்.

நீங்கள் சொன்ன ஈராறு நாளை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆச்சரியமாக, 26 முதல் 32 நாளுக்குள் சுழற்சி ஒழுங்காக வருகிறவர்களுக்கான, நாளுக்கு ஒரு மணியாக எண்ணும் மணிமாலை முறையிலும் விலகியிருக்க வேண்டிய வெள்ளை மணிகள் 12 தான். 8-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை. இரண்டு பன்னிரண்டும் ஒரே நாட்கள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலக்கணத்தில் வந்த கணக்கு என்று யாராவது அதை அப்படியே பிடித்துக்கொண்டால் ஆபத்து.

கடைசியில் பெயர் எங்கள் பேச்சிலேயே கிடைத்துவிட்டது. கரு உண்டாகாதபோது இங்கே "கரு தங்கல" என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே கரு தங்கும் நாள். முறைக்கு, கரு தங்கும் நாள் அறிதல். நீளம்தான், ஆனால் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. இதில் தடையும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. அறிந்த பிறகு என்ன செய்வது என்பது அந்தப் பெண்ணும் கணவனும் முடிவு செய்வது. மற்ற நாட்களுக்கு, டாக்டரம்மா எச்சரித்தபடி, பாதுகாப்பு என்று எங்கும் எழுதாமல் 'வாய்ப்புக் குறைந்த நாள்' என்றே போடுகிறேன். உச்ச நாளை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 'கடைசி வழவழப்பு நாள்' என்று இருக்கிறது.

உடல் வெப்பத்துக்குப் பாடநூலில் அடிப்படை உடல் வெப்பநிலை என்று இருக்கிறது. அதை 'எழுமுன் வெப்பம்' என்று மாற்றியிருக்கிறேன். படுக்கையிலிருந்து எழுவதற்கு முன், தினமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்ற விதி பெயரிலேயே வந்துவிடுகிறது. 'சூடு' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். உடம்புச் சூட்டுக்கும் வெள்ளைப்படுதலுக்கும் இங்கே போட்டிருக்கிற முடிச்சை நானே இறுக்கக் கூடாது. முட்டை வெளிவந்த பின் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ்தான் ஏறும் என்பதால், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும்.

ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் மல்லி எடுக்கப் போகிறவர்கள். மொட்டு விரிவதற்குள் பறிக்க வேண்டும் என்று விடியும் முன்பே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பூ சீசனில் ஒரு நேரம், இல்லாத நாளில் வேறு நேரம். குறைந்தது 3 மணி நேரமாவது தொடர்ந்து தூங்கி எழுந்தால்தான் எழுமுன் வெப்பத்தை நம்பலாம். இவர்களுக்கு அது அமைவது கஷ்டம். பெரும்பாலும் சுரப்பை மட்டுமே நம்பிப் பார்க்கப் போகிறவர்கள் இவர்கள். அதனால்தான் அந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

கணவர்களுக்கான பக்கம் எழுதத் தொடங்கிவிட்டேன். மிச்சம் இருப்பது பால் கொடுக்கும் காலத்தில் விலக்கு வராதிருப்பது. "பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்வரை தங்காது" என்று நம்பி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு 6 மாதம் நிறையாமல் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், விலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் அது 98 விழுக்காடு பலன் தரும். ஒன்று தவறினாலும் வேறு வழி பார்த்தாக வேண்டும். இதற்கு 'பாலூட்டுகால விலக்கின்மை' என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே வாயில் நுழையவில்லை. 'பால்கால இடைவெளி' என்றால், பால் கொடுக்கும் காலம் முழுக்க இடைவெளி உண்டு என்று அதே பழைய நம்பிக்கைக்கே திரும்புகிறது. யாழ்ப்பாணத்து அன்பர்கள் குடும்பத்திட்டமிடல் என்று நல்ல சொல்லைப் புழங்குகிறவர்கள். இதற்கும் உங்கள் பக்கத்தில் ஏதாவது வழக்கு இருந்தால் எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடுகிறேன்.