வெள்ளம் வடிந்த பிறகு விழுந்த கரை

எங்கள் வயலுக்கு ஒரு பக்க எல்லையே ஆறுதான். சின்ன ஆறு, அகலம் 12 மீட்டர் இருக்கும். வயலை ஒட்டி வளைந்து போகிறது. வளைவின் வெளிப்பக்கம் எங்களுடையது.

ஒரு வருடம் இரண்டு நாள் வெள்ளம் கரையைத் தொட்டு ஓடியது. ராத்திரியெல்லாம் டார்ச்சோடு கரையிலேயே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் மளமளவென்று வடிந்தது. அப்பாடா என்று கிளம்பினேன். அப்போது பக்கத்து வயல் பெரியவர், "தம்பி, ரெண்டு நாளைக்கு ஓரத்துல போய் நிக்காத. தண்ணி இருக்கிற வரைக்கும் கரை நிக்கும், வடிஞ்ச பிறகுதான் விழும்" என்றார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், வரப்போடு சேர்ந்து ஐந்து தப்படி நிலம் ஆற்றுக்குள் கிடந்தது.

அவர் சொன்னதன் காரணம் பிறகுதான் புரிந்தது. நிறைந்து ஓடும்போது ஆற்று நீரே கரைக்கு முட்டுக் கொடுக்கிறது. நீர் சட்டென்று இறங்கினால் அந்த முட்டு போய்விடும். மண்ணுக்குள் ஊறிய நீரோ அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. அடியில் அரிப்பு, மேலே ஊறிக் கனத்த மண். எப்படி நிற்கும்?

எனக்கு எதிர்க்கரைக்காரர் மேல் வெகுநாள் வருத்தம். அவர் பக்கம் மணல் திட்டு வளர்ந்துகொண்டே போனது. அது எங்கள் மண் என்றே நம்பினேன். கோடையில் ஆற்றுக்குள் இறங்கி நடந்தபோது அந்த எண்ணம் மாறியது. எங்கள் கரையில் சரிந்த செம்மண் கட்டிகள் எங்கள் ஓரமாகவே கீழே போயிருந்தன. 70 மீட்டர் தள்ளி ஆறு மறுபக்கம் வளைகிறது. அங்கே எங்கள் கரைதான் உள்வளைவு. அங்கேயும் ஒரு மணல் திட்டு; அதில்தான் செம்மண் படிந்திருந்தது. 1945-இல் ஃபிரீட்கின் என்பவர் ஆய்வுக்கூடத்தில் சிறு ஆறுகளை ஓடவிட்டுப் பார்த்ததும் இதைத்தான்: அரித்த மண்ணில் பெரும்பகுதி எதிர்க்கரைக்குப் போவதில்லை, அதே கரையில் கீழே உள்ள திட்டில் தங்குகிறது. எதிர்க்கரைத் திட்டு மேலேயிருந்து வரும் மண்ணால் வளர்கிறது. அடுத்த முறை அவரைப் பார்த்தபோது நானே போய்ப் பேசினேன்.

இப்போது ஓரத்தில் பத்து தப்படி உழுவதில்லை. புல்லும் புதரும் வேர்பிடித்துவிட்டன. வெள்ளம் வடிகிற நாளில் மோட்டாரையும் குழாயையும் உள்ளே தள்ளி வைத்துவிடுகிறேன், அப்புறம் கரைப்பக்கம் யாரையும் விடுவதில்லை.